மேடம் சொல்லாத வரி

ஜூன் 5, திங்கள்

வருஷா வருஷம் யாராவது ஒரு கம்பெனிக்காரர் டைரி கொடுப்பார். வாங்கி அலமாரியில் வைப்பேன், எழுதியதில்லை. ஊரார் உடம்பைப் பற்றி நாள் முழுக்க டைப் அடிப்பவளுக்கு வீட்டுக்கு வந்தும் எழுத என்ன இருக்கிறது?

இன்றைக்கு ஒன்று இருக்கிறது. காலையில் குளிக்கும்போது இடது மார்பில், மேல்பக்கமாக, கைக்கு ஏதோ தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. அழுத்தினால் வலிக்கவில்லை. வலித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். வலிக்கிற கட்டி பெரும்பாலும் சும்மா கட்டி என்று எங்கள் டாக்டர் மேடம் ஆயிரம் பேரிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இட்லி மாவு புளித்துவிட்டது. தாரணி ஒரு இட்லியோடு எழுந்துவிட்டாள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இப்படிச் சாப்பிட்டால் என்னத்துக்கு ஆகும்?

ஜூன் 6, செவ்வாய்

இன்றும் இருக்கிறது.

ஜூன் 7, புதன்

வேலை ஓடவில்லை. எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன், மனசு வேறு பக்கம் போகும்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சின்ன ஸ்கேன் சென்டர் எங்களுடையது. டாக்டர் மெஹருன்னிசா மேடம் உள்ளே ஸ்கேன் பார்த்துவிட்டு மைக்கில் சொல்வார். முன்னறையில் ஹெட்போனில் கேட்டு நான் டைப் அடிப்பேன். பத்தொன்பது வருஷமாக இதுதான். ரெஜினா வந்து நாலு வருஷம் ஆகிறது. அவளுக்கு டைப் வேலையை நான்தான் பழக்கிவிட்டேன்.

முழு ரிப்போர்ட்டையும் யாரும் டைப் அடிப்பதில்லை. எல்லாம் நல்லபடியாக இருக்கிற ஒரு ரிப்போர்ட்டை, ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒன்றாக, முன்னமே அடித்துக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறோம். கல்லீரல் சரி, மண்ணீரல் சரி, சிறுநீரகம் சரி என்று வரிசையாக இருக்கும். மேடமை வைத்துக்கொண்டு நான் அடித்தது. மேடம் கோளாறை மட்டும் சொல்வார், அந்த வரியை மட்டும் மாற்றுவேன். எதைப் பற்றி மேடம் பேசவில்லையோ அந்த வரி அப்படியே இருக்கும். "மேடம் வாய் திறக்காத உறுப்பெல்லாம் நல்ல உறுப்பு" என்று ரெஜினாவுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுத்தேன். மேடமும் கேட்டுச் சிரித்தார்.

எழுதியும் மனசு வேறு பக்கம் போகவில்லை.

ஜூன் 9, வெள்ளி

மேடமிடம் சொல்லிவிட்டேன். ஏதோ லீவு கேட்பது மாதிரி, கதவில் பாதி நின்றுகொண்டு சொன்னேன்.

"எப்ப இருந்து?" என்றார்.

"திங்கக்கெழமைல இருந்து மேடம்."

"நாலு நாளா என்ன பண்ணிக்கிட்டு இருந்த? வந்து படு."

முதலில் மேமோகிராம். அதை எடுக்கிற பெண் என் முகத்தைப் பார்க்காமல் எடுத்தாள். பிறகு மேடமின் அறையில் அல்ட்ராசவுண்ட். இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டிலில் நான் படுத்தது தாரணி வயிற்றில் இருந்தபோது மட்டும்தான். ஜெல் அவ்வளவு குளிரும் என்பதே மறந்துபோயிருந்தது.

படத்தை நிறுத்தி அளவெடுக்க மேடம் ஒரு பட்டனைத் தட்டுவார். டிக் என்று கேட்கும். சரியாக இருக்கிற எதையும் மேடம் அளப்பதில்லை. மார்பில் ஸ்கேன் கருவியை, அந்த ப்ரோபை, வைத்ததும் டிக், டிக் என்றது. அது எதிர்பார்த்ததுதான். அப்புறம் கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொல்லி இடது அக்குளில் வைத்தார். அங்கே ரொம்ப நேரம் இருந்தார். அங்கேயும் டிக் என்று கேட்டது. மானிட்டர் அவர் பக்கம் திரும்பியிருந்தது. எனக்குத் தெரிந்தது மின்விசிறி மட்டும்தான்.

பிறகு வலது மார்பில் இரண்டு தேய் தேய்த்தார். உடனே ப்ரோபை மாட்டிவிட்டார். "போதும், எந்திரி" என்று டிஷ்யூவைக் கையில் கொடுத்தார். குரல் மட்டும் வேறு யாருடையதோ போல இருந்தது.

"மதுரைல என் கிளாஸ்மேட் இருக்கார், பெரிய சர்ஜன். அவர்கிட்ட போ. உன் ரிப்போர்ட்ட ரெஜினா அடிக்கட்டும். நீ வீட்டுக்குப் போ செண்பகம்."

மத்தியானத்துக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியது இதுதான் முதல் தடவை. வழியில் கத்தரிக்காய் வாங்கினேன். பேரம் பேசக்கூட மறக்கவில்லை.

ஜூன் 10, சனி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். போர்வெல் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவர். கையெல்லாம் கிரீஸ். சோப்புப் போட்டுக்கொண்டே கேட்டார். சொல்லி முடித்த பிறகும் போட்டுக்கொண்டே இருந்தார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"மிஷின் தப்பாக் காட்டிருக்கும்" என்றார்.

"கைக்கே தட்டுப்படுதுங்க."

"அப்ப டாக்டர் தப்பாப் பாத்துருப்பாங்க."

யாரையாவது குற்றம் சொல்லிவிட்டால் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வரும். நானும் விட்டுவிட்டேன்.

சாயங்காலம் ரெஜினா ரிப்போர்ட் கவரை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். கண் சிவந்திருந்தது. "கடைசில ஒரு நல்ல வரி இருக்குக்கா, பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிரித்துப் பார்த்தேன். மார்புக் கட்டிக்கு ஓர் எண் போடுவோம், எண் ஏற ஏறச் சந்தேகம் ஏறும். எனக்கு ஐந்து, சந்தேகத்தில் அதுதான் உச்சம். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து காலண்டரைப் பார்த்தேன், எதற்கென்று தெரியாமல்.

அப்புறம் அந்த நல்ல வரி. ஆங்கிலத்தில் இருந்தது, தமிழில் சொன்னால் இப்படி: இரண்டு அக்குளிலும் குறிப்பிடும்படியான நெறிகட்டு இல்லை. அதாவது பரவவில்லை. மார்பில் இருந்து இந்த நோய் கிளம்பினால் முதலில் போய் உட்காருவது அக்குளில் உள்ள நெறிகளில்தான். அங்கே இல்லை என்றால் பாதி உயிர் திரும்பி வந்த மாதிரி. படித்ததும் எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து "என்ன, என்ன?" என்று பதறினார். "பரவலையாம்" என்றேன். வாசலுக்குப் போய் நின்றுகொண்டு மூக்கை உறிஞ்சினார்.

படுக்கப் போகும்போதுதான் உறைத்தது. அது மேடம் சொன்ன வரி மாதிரி இல்லை. நான் அடித்து வைத்த வரி. முன்னமே இருக்கிற வரி.

இரண்டு அக்குளிலும் என்று இருக்கிறது. வலது அக்குளில் மேடம் ப்ரோபை வைக்கவே இல்லை.

ஜூன் 11, ஞாயிறு

வலது பக்கம் வைத்திருப்பார். நான் பயத்தில் கவனித்திருக்கமாட்டேன். அவ்வளவுதான். இதைப் பற்றி இனிமேல் எழுதப்போவதில்லை.

ஜூன் 14, புதன்

மதுரை. சர்ஜன் வயசானவர், மெதுவாகப் பேசுகிறார். ரிப்போர்ட்டைப் படித்தார், அக்குளில் கைவிரலால் அழுத்திப் பார்த்தார். "கைக்கும் ஒண்ணும் தட்டுப்படல. மெஹர் பாத்தாள்னா மறுபடி ஸ்கேன் வேண்டாம். அவ கண்ணுக்குத் தப்பாது" என்றார். மார்பில் மரத்துப்போக ஊசி போட்டு, அப்புறம் சதை எடுக்கும் பெரிய ஊசி. ஸ்டேப்ளர் அடிக்கிற சத்தம் மாதிரி கேட்டது. மூன்று தடவை.

திரும்பி வரும்போது வீட்டுக்காரர் பஸ் கண்டக்டரிடம், "பரவலைன்னுட்டாங்க சார்" என்றார். கண்டக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்லதுங்கண்ணே" என்று சொல்லி டிக்கெட்டைக் கிழித்தார்.

மேடமின் கண்ணுக்குத் தப்பாது. எனக்கும் தெரியும். என்னுடைய பயமே அதுதான்.

ஜூன் 17, சனி

கேஸ் தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கினோம். தாரணிக்கு சுடிதார் பேண்ட் இறக்கிவிட்டேன். ஒவ்வொரு நாளும் வளர்கிறாள்.

ஜூன் 21, புதன்

பயாப்சியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. எதிர்பார்த்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தச் சொல்லை சர்ஜன் வாயிலிருந்து கேட்டபோதுதான் எதிர்பார்க்கவில்லை என்று தெரிந்தது. வீட்டுக்காரர் என் செருப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"பயப்பட வேண்டாம். நெறிகட்டு இல்லாததுனால நேரா ஆபரேஷன் பண்ணிரலாம். ஜூலை பன்னெண்டு வச்சுக்கலாமா?"

"ஆடி பொறக்கறதுக்குள்ள முடிஞ்சுரும்ல சார்?" என்று கேட்டார் இவர். ஆடியில் எதையும் ஆரம்பிக்கமாட்டார். மோட்டார்கூட இறக்கமாட்டார்.

"முடிஞ்சுரும்."

நான் ரொம்பச் சாதாரணமாகக் கேட்டேன். "சார், ஒருவேளை நெறிகட்டு இருந்திருந்தா?"

"இருந்திருந்தா முறையே வேறம்மா. நெறியில ஊசி போட்டுப் பாத்து, இருக்குன்னு தெரிஞ்சா மொதல்ல கீமோ. கட்டியையும் நெறியையும் சுருக்கிட்டு அதுக்கப்புறம்தான் கத்தி. உங்களுக்கு அதெல்லாம் இல்ல."

"இல்லைல" என்றார் இவர், என் தொடையைத் தட்டி.

இங்கே எழுதலாம், யாரும் படிக்கப்போவதில்லை. இப்போதெல்லாம் கையை இடுப்போடு சேர்த்தே வைத்துக்கொள்கிறேன். அக்குளைத் தொடக்கூட பயமாக இருக்கிறது.

ஜூன் 23, வெள்ளி

வேலைக்கு வந்துவிட்டேன். வீட்டில் இருந்தால் சுவர் பேசுகிறது. வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். ஆபரேஷனுக்கு முந்தின நாள் வரை போவேன் என்று சொல்லிவிட்டேன்.

மேடம் முன்னறைக்கே வருவதில்லை. முன்பெல்லாம் டீ குடிக்க என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்று ஏதாவது வம்பு பேசுவார். இப்போது டீ உள்ளே போகிறது. மத்தியானம் அவர் வீட்டிலிருந்து எனக்கும் சேர்த்து மட்டன் சூப் வந்தது. கொண்டுவந்து கொடுத்தது டிரைவர்.

மேடமுக்கு என் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும் போல. எதற்குக் கஷ்டம்? பரவலைதானே.

ஜூன் 26, திங்கள்

ரெஜினாவோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில் கேட்டேன். அப்படித்தான் கேட்டேன், பேச்சுவாக்கில்.

"அன்னைக்கு என் ரிப்போர்ட் சொல்லும்போது, அக்குள்னு வந்தப்ப மேடம் என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலையேக்கா."

"ஒண்ணுமே?"

"மார்ல கட்டி, அளவு, எல்லாம் சொன்னாங்க. அப்பறம் பேசாம இருந்தாங்க. ரொம்ப நேரம். மூச்சு விடற சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. நானே ஹெட்போன் போயிருச்சோன்னு பாத்தேன். அப்பறம் மைக்க ஆஃப் பண்ணிட்டாங்க." அவள் தயிர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்தாள். "சொல்லலைன்னா நார்மல். நீங்கதானக்கா சொல்லிக் குடுத்தீங்க?"

"சரிதான்" என்றேன்.

ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டாள். வாங்கிக்கொண்டேன். அது எலுமிச்சையா மாங்காயா என்று இப்போது கேட்டால் தெரியாது.

ஜூன் 27, செவ்வாய்

கேட்கலாம் என்று மேடமின் கதவு வரை போனேன். உள்ளே ஆள் இருந்தது. திரும்பிவிட்டேன்.

ஆள் போன பிறகும் நான் போகவில்லை.

ஜூன் 30, வெள்ளி

எனக்கே சிரிப்பாக இருக்கிறது. நாலு நாளாக, மார்பு ஸ்கேன் ரிப்போர்ட் ஒவ்வொன்றையும் பிரிண்ட் எடுப்பதற்கு முன்னால் எழுந்துபோய், "மேடம், அக்குள் பாத்தீங்களா? ரெண்டு பக்கமும் பாத்தீங்களா?" என்று கேட்கிறேன். இன்றைக்கு மூன்றாவது தடவை போனபோது மேடம் எரிந்து விழுந்தார்.

"சொல்லலைன்னா சரியா இருக்குன்னு உனக்குத் தெரியாதா? பத்தொம்பது வருஷமா என்ன பண்ற?"

சொன்ன உடனே முகம் மாறிவிட்டது. "சாரி செண்பகம். உன் நெலமைல..." என்று சொல்லி மானிட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வடமதுரையிலிருந்து வந்த டீச்சர், நத்தத்திலிருந்து வந்த கல்யாணப்பெண், எல்லோருடைய அக்குளையும் கேட்டுவிட்டேன். ஊரில் பாக்கி ஒரு அக்குள்தான்.

ஜூலை 2, ஞாயிறு

வீட்டுக்காரர் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டு, "பரவலைன்னுட்டாங்க" என்று சொல்லி முடித்துவிட்டார். கட்டி இருக்கிறது என்று சொல்வதற்கு முன்னாலேயே பரவலை என்று சொல்கிறார். அடுத்த முனையில் இருப்பவர்களுக்கு எது பரவலை என்று புரிவதற்கே நேரமாகிறது. அபிராமி அம்மன் கோவிலில் பட்டுச் சாத்துவதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். காலையில் அவரே தோசை சுட்டார். முதல் நாலு தோசை கல்லை விட்டு வரவில்லை. கல்லைத் திட்டினார்.

இந்த மனுஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிக் கேட்பது? கேட்டு, இல்லை என்று வந்தால் நான்தான் பைத்தியம், சந்தோஷமாகப் பைத்தியமாக இருந்துகொள்வேன். இருக்கிறது என்று வந்தால் இந்தத் தோசை, இந்தப் போன், எல்லாம் போய்விடும். கேட்காமல் இருந்தால் பத்து நாளைக்காவது இப்படியே இருக்கும்.

அப்புறம் இன்னொரு நினைப்பும் வருகிறது. கேட்காமல் இருந்தால் அது இல்லாமலே போய்விடும் என்று. இத்தனை வருஷம் ஸ்கேன் சென்டரில் இருப்பவளுக்கு வருகிற நினைப்பா இது? வருகிறது. படுத்தால் வருகிறது, எழுந்தால் வருகிறது.

ஜூலை 5, புதன்

மதுரையிலிருந்து நர்ஸ் போன். பதினொன்றாம் தேதியே அட்மிட் ஆகவேண்டும். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி இரண்டு, சீப்பு, பழைய ரிப்போர்ட் எல்லாம் எடுத்துவரவேண்டும். நகை கூடாது, மெட்டியும் கூடாது.

மெட்டி கழறவில்லை. எண்ணெய் போட்டுக் கழற்றினேன்.

ஜூலை 7, வெள்ளி

தாரணி ஸ்கூல் விட்டு வந்து, பையைக்கூட இறக்காமல் அடுப்படியில் வந்து நின்றாள்.

"அம்மா, எனக்கும் இது வருமா?"

"அதெல்லாம் வராது. போய் மூஞ்சியக் கழுவு."

"பயாலஜி மிஸ் சொன்னாங்க, அம்மாக்கு இருந்தா பொண்ணு ஜாக்கிரதையா இருக்கணும்னு."

"பெரியவளானப்பறம் செக் பண்ணிக்கலாம். இப்ப ஒண்ணும் வேணாம்."

பையை இறக்கி வைத்தாள். பிறகு, "எனக்குப் பண்ணும்போது நம்ம சென்டர்லயே பண்ணுவோம்மா. ரிப்போர்ட்ட நீங்கதான் டைப் பண்ணணும்" என்றாள்.

"ஏன்டி?"

"நீங்க அடிச்சா நம்புவேன். மத்தவங்க நான் பயந்துருவேன்னு எதையாச்சும் மறைப்பாங்க."

பால் பொங்கி வழிந்துவிட்டது. அடுப்பைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் போய்விட்டாளா நிற்கிறாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூலை 8, சனி

கேட்டுவிட்டேன்.

மத்தியானம் கடைசி ஆள் போனதும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். மேடம் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவசரமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே பாதி தெரிந்துவிட்டது.

"மேடம், அன்னைக்கு வலது பக்க அக்குள நீங்க பாக்கவே இல்லையே."

"வலது பக்கமா? அது எதுக்கு இப்ப. இடது பக்கம் பாத்ததுமே எனக்குக் கை ஓடல. அதான் அதோட விட்டுட்டேன். மதுரைல எப்படியும் உடம்பு முழுக்க எடுப்பாங்கள்ல? கீமோ எத்தனை தடவைன்னு சொன்னாரு?"

"கீமோ இல்ல மேடம். பன்னெண்டாந்தேதி ஆபரேஷன்."

"அது எப்படி? நெறி அப்படி இருக்கப்ப நேரா..." பாதியில் நிறுத்தினார். "ரிப்போர்ட்ட அவர் பாத்தாரா இல்லையா?"

"பாத்தாரு மேடம். நெறிகட்டு இல்லைன்னுதான போட்டுருக்கு."

மேடம் எழுந்து முன்னறைக்குப் போய் அவரே கம்ப்யூட்டரில் என் பெயரைத் தேடினார். விரல் தப்புத் தப்பாகப் பட்டது. நான்தான் அடித்துக் கொடுத்தேன். வந்ததைப் படித்தார். கீழே அவர் பெயர் இருந்தது. என் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் சொல்லல" என்றார். பிறகு, "என்னால சொல்ல முடியல செண்பகம். அந்த எடம் வந்ததும் வாய் வரல. ஊருக்கெல்லாம் சொல்லிருக்கேன், உனக்குச் சொல்ல வரல. மைக்க அணைச்சுட்டு, கையால எழுதிக் குடுப்போம்னு பேப்பர எடுத்தேன். அதுக்குள்ள ஒரு ஆக்ஸிடென்ட் கேஸ் வந்துருச்சு, வயித்துல ரத்தம். ராத்திரி கட்டுக்கட்டா கையெழுத்துப் போட்டப்ப எழுதிக் குடுத்துட்டதாவே நெனச்சுட்டேன்" என்றார்.

"அதுக்கப்பறம் ஒரு வார்த்தை எங்கிட்டப் பேசலையே மேடம்."

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன். நீ தெரிஞ்சுகிட்டே தைரியமா வேலைக்கு வர்றேன்னு நெனச்சேன். நீயாப் பேசுனாப் பேசுவோம்னு இருந்தேன்." மேடம் அழுதார். பெரிய டாக்டர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் வரவேண்டும். வந்தது. ஆனால் பயம் அதை முந்திக்கொண்டு நின்றது.

"எவ்வளவு மேடம்?" என்று மட்டும் கேட்டேன்.

"படு. மறுபடி பாத்துட்டுச் சொல்றேன். இந்தத் தடவை மானிட்டர உன் பக்கம் திருப்பி வைக்கிறேன்."

பார்த்தேன். நல்ல நெறி அவரைக்கொட்டை மாதிரி இருக்கும், நடுவில் வெள்ளையாக. என் இடது அக்குளில் இரண்டு நெறிகளில் நடுவில் வெள்ளை இல்லை. இரண்டும் உருண்டு, கறுத்து இருந்தன. வலது பக்கமும் பார்த்தார். அங்கே எல்லாம் அவரைக்கொட்டைதான். உடனே ரெஜினாவைக் கூப்பிட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே கெட்ட நெறியில் மெல்லிய ஊசி போட்டு எடுத்தார். ரெஜினா என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "நானு... நானு..." என்றாள். "நீ ஒண்ணும் பண்ணலடி, நான் சொல்லிக் குடுத்ததத்தான் பண்ணுன" என்றேன்.

சர்ஜனுக்கு மேடமே போன் செய்தார். தப்பு தன்னுடையது என்று சொன்னார், காரணம் எதுவும் சொல்லவில்லை. ஆபரேஷன் நிறுத்தம்.

பிறகு புது ரிப்போர்ட். நானே அடிக்கிறேன் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். உள்ளேயிருந்து மேடமின் குரல் வந்தது. மார்பு முடிந்து அக்குள் வந்ததும் குரல் நின்றது. மூச்சுச் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க மேடம்" என்று முன்னறையிலிருந்து கத்தினேன். "நான் இருக்கேன், சொல்லுங்க."

சொன்னார். நெறி இரண்டு, அளவு இவ்வளவு, மேற்பகுதி தடித்திருக்கிறது, நடுவெள்ளை இல்லை, பரவியிருக்கச் சந்தேகம். என் பழைய வரியை அழித்துவிட்டு அடித்தேன். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. பிரிண்ட் எடுத்துக் கவரில் போட்டேன். பாத்ரூம் கதவைப் போட்டுக்கொண்டு நின்றேன். ரெஜினா வெளியே நின்று அக்கா அக்கா என்று தட்டினாள்.

ஜூலை 9, ஞாயிறு

வீட்டில் சொல்லவில்லை. கறி எடுத்து வந்திருந்தார். நன்றாக இருந்தது என்று சொன்னேன்.

ஜூலை 10, திங்கள்

ஊசி போட்டு எடுத்ததன் முடிவு வந்துவிட்டது. பரவியிருக்கிறது.

ஜூலை 11, செவ்வாய்

மதுரைக்குப் போக வேண்டிய நாள் என்று காலையிலேயே குளித்து, பையைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டார். தாரணி ஸ்கூலுக்குப் போனதும் உட்கார வைத்துச் சொன்னேன். மேடம் சொல்லாமல் விட்டது, ரெஜினா அப்படியே விட்டது, நான் முதல் நாளே சந்தேகப்பட்டது, சனிக்கிழமை கேட்டது, எல்லாவற்றையும்.

மேடமைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீ எதுக்குடி கேட்ட?"

"ஏங்க..."

"இல்லைன்னுதான எழுதிக் குடுத்தாங்க? கையெழுத்துப் போட்டுத்தான குடுத்தாங்க? அதோட விட்டுருக்கலாம்ல? நாளைக்கு ஆபரேஷன் முடிஞ்சு எல்லாம் சரியாப் போயிருக்கும். நீயாப் போயி கேட்டு, நீயாப் போயி..."

நான் கேட்டதனால்தான் அது அங்கே வந்து உட்கார்ந்தது மாதிரி பார்த்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. "ஒரு மாசமா நானும் அப்படித்தான் நெனச்சேன். அதனாலதான் வாயே தொறக்கல. போதுமா?" என்றேன்.

எழுந்துபோய்விட்டார். கடையைத் திறந்தாரா, எங்கே போனார் என்று தெரியாது. வாசலில் பை அப்படியே இருந்தது. நான் உள்ளே எடுத்து வைத்தேன்.

சாயங்காலம் தாரணியிடம் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. கேட்டுவிட்டு என் மடியில் படுத்துக்கொண்டாள். இவ்வளவு நீளமான பிள்ளை மடியில் எங்கே அடங்கும்? காலை மடக்கிக்கொண்டு படுத்தாள்.

இருட்டும் நேரத்தில் அவர் வந்தார். யாரிடமும் பேசாமல் சாப்பிட்டார்.

ஜூலை 13, வியாழன்

மதுரை பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது. இன்று உடம்பு முழுக்க ஸ்கேன். அக்குளோடு நின்றிருக்கிறதா, இல்லை எலும்பு, ஈரல் என்று வேறெங்காவது போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுக் கீமோவுக்கு நாள் குறிப்பார்கள். வயிறு காலி. தண்ணீர் மட்டும்தான். பயமாக இருக்கிறது. கட்டி தெரிந்த அன்று இருந்ததைவிட அதிகமாக இருக்கிறது.

காலையில் புறப்படும்போது நடந்ததை எழுதிவிடுகிறேன்.

சேலை மாற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு நாளாக என்னோடு பேசாதவர் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"எங்க இருக்கு? காட்டு."

"என்னத்த?"

"அதான். அது."

இடது கையைத் தூக்கினேன். பக்கத்தில் வந்தார். அந்தக் கிரீஸ் வாசனை சோப்புப் போட்டாலும் போகாது. ஒற்றை விரலால் அக்குளில் தொட்டார். சூடான பாத்திரத்தைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி தொட்டார். பிறகு நாலு விரலையும் வைத்து மெதுவாக அழுத்தினார். மேலே, கீழே, உள்பக்கம்.

"ஒண்ணுமே தட்டுப்படலையே."

"தட்டுப்படாதுங்க. இருக்கு."

இன்னும் கொஞ்சம் அழுத்தினார். எனக்கு வலித்தது, சொல்லவில்லை. முகத்தை என் தோளுக்குப் பின்னால் திருப்பிக்கொண்டார்.

"இத வச்சுக்கிட்டு ஒரு மாசமா நீ மட்டும் தனியா..." என்றார்.

"பயந்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றேன்.

வெளியே ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. "அப்பா, ஆட்டோ" என்று தாரணி கூப்பிட்டாள். "இரு, வர்றோம்" என்று குரல் கொடுத்தார். கையை எடுக்கவில்லை. நானும் என் கையை இறக்கவில்லை.